பிறந்த அன்றே மடியும் சேவல் குஞ்சுகள்

தூத்துக்குடி முதல் மணப்பாடு வரையிலும் அதற்கு அப்பாலும் உள்ள நம் கடற்கரை ஊர்களில் திருவிழா என்றால் கடைத்தெருவும் உண்டு. வளையல் கடை, பொம்மைக் கடை, மிட்டாய்க் கடை ஆகியவற்றின் நடுவே சில வேளைகளில் ஒருவர் அட்டைப் பெட்டியோடு வந்து அமர்வார். பெட்டிக்குள் இளஞ்சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகச் சாயம் ஏறிய கோழிக் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கீச்சிட்டுக்கொண்டிருக்கும். பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள். அழுகையை அடக்கத் தாய் ஒரு குஞ்சை வாங்கிக் கொடுப்பாள். மூன்றாம் நாள் அது துவண்டு விழும். பிள்ளை மீண்டும் அழும்.

இதில் வியப்பு ஏதுமில்லை. பிறந்த குஞ்சுக்கு முதல் வாரத்தில் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. தாய்க்கோழியின் இறக்கை அதைத் தரும். தாய் இல்லாத இடத்தில் மின்விளக்கின் சூடு தரவேண்டும். இரண்டும் இன்றி, பலர் கைகளில் நசுங்கி, இரவெல்லாம் கடற்காற்றில் நடுங்கும் குஞ்சு எவ்வாறு பிழைக்கும்? ஆயினும் நாம் கேட்க மறந்த கேள்விகள் வேறு சில உள்ளன. இத்தனை குஞ்சுகள் எங்கிருந்து வருகின்றன? ஓர் உயிர் இவ்வளவு மலிவாக விற்கப்படுவது ஏன்? தப்பிப் பிழைத்து வளர்பவை பெரும்பாலும் சேவல்களாகவே இருப்பது ஏன்?

இக்கேள்விகளுக்கான விடை, நம் வீட்டுச் சமையலறையில் இருக்கும் முட்டையோடு தொடர்புடையது.

வேண்டாத பாதி

கோழி முட்டை பொரிய 21 நாட்கள் ஆகும். குஞ்சுப் பொரிப்பகங்களில் ஆயிரக்கணக்கான முட்டைகளை ஒரே நேரத்தில் அடைகாப்பதற்குப் பெரிய இயந்திரங்கள் உள்ளன. பொரிந்து வருபவற்றில் ஏறக்குறைய பாதி பெட்டை, பாதி சேவல். அது இயற்கையின் நியதி. முட்டைப் பண்ணைக்குத் தேவை பெட்டை மட்டுமே. ஆகவே பெட்டைகள் தடுப்பூசி பெற்றுப் பண்ணைகளுக்குச் செல்கின்றன. சேவல் குஞ்சுகளில் சில மொத்த விலைக்குச் சாயக்காரர்களிடம் போகின்றன. சில மீன்களுக்கு இரையாகின்றன. எஞ்சியவை பிறந்த அன்றே கொல்லப்படுகின்றன. மேலை நாடுகளில் இதற்கு அரைக்கும் இயந்திரமும் கரியமில வாயுவும் பயன்படுகின்றன. நம் நாட்டில் நீரில் அமிழ்த்துவது, மூச்சடைக்கச் செய்வது, நசுக்குவது போன்ற முறைகள் கையாளப்படுவதை விலங்கு நல அமைப்புகள் படம் பிடித்துக் காட்டியுள்ளன.

உலகம் முழுவதிலும் ஆண்டுதோறும் இவ்வாறு மாளும் சேவல் குஞ்சுகள் 600 கோடிக்கு மேல் என மதிப்பிடப்படுகிறது. இவ்வளவு பெரிய எண் நம் மனத்தில் தங்காது. எனவே ஒரு குடும்பக் கணக்கைப் பார்ப்போம். பண்ணைக் கோழி ஒன்று தன் வாழ்நாளில் சுமார் 350 முட்டைகள் இடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு ஐந்து முட்டைகள் வாங்கும் குடும்பம் ஆண்டுக்கு 1,825 முட்டைகளை உண்கிறது. அது ஐந்து கோழிகளின் வாழ்நாள் உழைப்பு. அந்த ஐந்து பெட்டைகளோடு பிறந்த ஐந்து சேவல்கள் நம் கணக்கில் எங்கும் எழுதப்படவில்லை.

முட்டைக்கு ஓரினம், கறிக்கு ஓரினம்

நம் பாட்டிமார் வளர்த்த நாட்டுக்கோழியில் இந்தச் சிக்கல் எழவில்லை. பெட்டை முட்டையிட்டது, அடைகாத்தது. சேவல் வளர்ந்து விருந்துக்கு ஆயிற்று. பஞ்சாரத்தின் கீழ் அடைபட்ட குஞ்சுகளில் வேண்டாதது என்று ஒன்று இருந்ததில்லை.

இருபதாம் நூற்றாண்டில் கோழியினம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஆண்டுக்கு 300 முட்டைகளுக்கு மேல் இடும் இனம் ஒன்று. ஆறு வாரத்திற்குள் இரண்டு கிலோ எடை காணும் கறிக்கோழி இனம் மற்றொன்று. உண்ணும் தீனி முழுவதையும் முட்டையாக்குமாறு தேர்ந்தெடுக்கப்பட்ட இனத்தின் சேவலுக்குச் சதை பிடிப்பதில்லை. அதனைப் பல மாதங்கள் தீனியிட்டு வளர்த்தாலும் செலவுக்கு ஏற்ற கறி கிடைக்காது. முட்டையிடவும் இயலாத, கறிக்கும் உதவாத அந்த உயிருக்கு வணிகக் கணக்கில் இடமில்லாமற் போயிற்று.

இந்த மாற்றத்தால் விளைந்த நன்மையையும் மறைக்கலாகாது. 1971-ல் டாக்டர் பி. வி. ராவ் வெங்கடேஸ்வரா ஹேச்சரீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1982-ல் அவர் முயற்சியால் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு உருவாகி, முட்டை விலை இடைத்தரகர் பிடியிலிருந்து மீளத் தொடங்கியது. வறண்ட நாமக்கல் வட்டாரம் முட்டை நகரமாயிற்று. 1989 முதல் தமிழகப் பள்ளிகளின் சத்துணவில் முட்டை இடம்பெற்றது. மீனவர் பிள்ளையும் கூலித் தொழிலாளியின் பிள்ளையும் தட்டில் முட்டையைக் கண்டனர். 2023-24-ஆம் ஆண்டில் இந்தியாவின் முட்டை உற்பத்தி 14,277 கோடியை எட்டியது; மாநிலங்களில் ஆந்திரத்திற்கு அடுத்த இடம் தமிழகத்திற்கு உரியது. ஏழைக்கும் எட்டும் விலையில் புரதம் கிடைத்தது பெரும் பேறு. அந்த விலைக்குள் அடங்காத ஓர் இழப்பு உண்டு என்பதே நாம் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டியது.

பால் அறியும் கலை

முட்டையைக் கண்டே குஞ்சு ஆணா பெண்ணா என்று அறிய மனிதன் நெடுங்காலமாக முயன்று வந்திருக்கிறான். நீண்டு கூர்மையாக இருப்பது சேவல், உருண்டையாக இருப்பது பெட்டை என்று அடைவைக்கும்போது நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதுண்டு. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் இதற்கு நேர்மாறாக, நீண்டதுதான் பெட்டை என்று எழுதி வைத்தார். இருவர் வாக்கையும் நம்பி முட்டையைப் பிரித்தால் பாதிக்குப் பாதியே சரியாக இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு பிரித்தாலும் அவ்வளவே.

பொரிந்த குஞ்சின் பாலை முதல் நாளிலேயே உறுதியாகக் கண்டறியும் முறையை 1920-களில் ஜப்பானிய அறிஞர்களான மசூயி, ஹாஷிமோட்டோ ஆகியோர் வகுத்தனர். குஞ்சின் எச்சத்துளையை மெல்ல விரித்து, உள்ளே இருக்கும் மிகச் சிறு முனைப்பைக் கண்டு சொல்லும் முறை அது. 1927-ல் கனடாவின் ஒட்டாவா நகரில் கூடிய உலகக் கோழியின மாநாட்டில் இது வெளிப்பட்டு உலகெங்கும் பரவியது. தேர்ந்த கைகள் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் குஞ்சுகளைப் பிரித்துவிடும். பின்னர், இறக்கைச் சிறகின் நீளத்தாலும் உடல் நிறத்தாலும் பால் தெரியும்படி இனங்களைக் கலந்து உருவாக்கும் வழியும் வந்தது.

இம்முறைகள் யாவும் பண்ணையாருக்குத் தீனிச் செலவை மிச்சப்படுத்தின. ஆனால் குஞ்சு பிறந்த பிறகே இவை பயன்படும். பால் தெரிந்த கணத்திலேயே சேவலின் முடிவும் உறுதியாகிவிடுகிறது. பிறப்பதற்கு முன்னே, உணர்வு தோன்றுவதற்கு முன்னே அறிய வழி உண்டா என்ற கேள்வி நெடுங்காலம் விடையின்றி நின்றது.

ஓட்டைத் திறவாமல் உள்ளே பார்த்தல்

முத்துக்குளித்துறைக்கு இக்கேள்வி புதிதன்று. சிப்பியைத் திறந்தால்தான் முத்து உண்டா என்பது தெரியும். திறந்தால் சிப்பி இறந்துவிடும். ஒரு நல்முத்துக்காக எத்தனையோ சிப்பிகள் நம் கரையில் குவிந்து அழுகின. சிப்பியைத் திறவாமலே எக்ஸ்ரே கதிரால் முத்தைக் காணலாம் என்று 1901-ல் பிரெஞ்சு அறிஞர் ரஃபேல் துபுவா சோதித்தார். முத்தில்லாத சிப்பியை உயிரோடு கடலுக்குத் திருப்பலாம் என்பதே அதன் பயன். முட்டை ஆய்விலும் இத்தகைய சிந்தனை நூறாண்டுகள் கழித்துக் கனிந்தது.

இன்று நடைமுறையில் உள்ள முறைகளைச் சுருங்கச் சொல்வோம்.

முதலாவது, ஒளி முறை. கரு வளர்ந்துகொண்டிருக்கும் முட்டையின் வழியே வலிய ஒளியைச் செலுத்தி, உள்ளே முளைக்கும் இறகின் நிறத்தைக் கருவி கணிக்கிறது. முட்டையை விளக்கொளியில் பிடித்துக் கரு கூடியிருக்கிறதா என்று நம் வீடுகளில் பார்ப்பார்களே, அதன் வளர்ச்சி எனலாம். முட்டையில் துளையிட வேண்டியதில்லை. ஒரு மணி நேரத்தில் பல்லாயிரம் முட்டைகளைப் பார்த்துவிடலாம். ஆனால் பெட்டைக்கும் சேவலுக்கும் இறகு நிறம் வேறுபடும் பழுப்பு இனங்களுக்கே இது பொருந்தும்.

இரண்டாவது, நீர் முறை. ஒன்பதாம் நாளில் லேசர் கதிரால் ஓட்டில் மயிரிழை போன்ற துளையிட்டு, கருவைச் சூழ்ந்த கழிவுநீரில் ஒரு துளி எடுக்கப்படுகிறது. பெட்டைக் கருவுக்குரிய ஹார்மோன் அதில் உண்டா என்று சோதிக்கின்றனர். ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் உருவான இம்முறையால் பெறப்பட்ட கோழிகளின் முட்டைகள் 2018 நவம்பரில் பெர்லின் நகரக் கடைகளில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தன. இதே துளியில் மரபணுவைச் சோதிக்கும் முறைகளும் உள்ளன.

மூன்றாவது, காந்தப் படமுறை. மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுப்பதைப் போலவே முட்டையையும் படமெடுத்து, கருவின் உறுப்பைக் கொண்டு கணிப்பொறி பாலைச் சொல்லுகிறது. இறகின் நிறம் எதுவாயினும் இதற்குத் தடையில்லை.

சேவல் எனக் கண்ட முட்டைகள் அடைகாப்பிலிருந்து நீக்கப்பட்டுப் பெரும்பாலும் கால்நடைத் தீவனமாகின்றன. பெட்டைகள் மட்டுமே பொரிந்து வெளிவருகின்றன.

சட்டத்தின் குரல்

ஜெர்மனியில் ஆண்டுதோறும் 4 கோடிக்கு மேற்பட்ட சேவல் குஞ்சுகள் கொல்லப்பட்டு வந்தன. வணிக இலாபம் மட்டுமே உயிரைக் கொல்வதற்கு நியாயமான காரணம் ஆகாது என்று அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2019 ஜூனில் கூறியது. மாற்று வழி கைவரும் வரை மட்டும் பழைய வழக்கத்தைப் பொறுத்துக்கொண்டது. 2022 ஜனவரி முதல் நாளிலிருந்து அங்கே சேவல் குஞ்சுகளைக் கொல்வது சட்டத்தால் தடை செய்யப்பட்டது. 2022 இறுதியில் பிரான்சும் இவ்வழியில் சேர்ந்தது; எனினும் வெள்ளைக் கோழியினங்களுக்குச் சில விலக்குகள் அளித்தது. சட்டத்தின் கட்டாயம் இல்லாத அமெரிக்காவிலும் 2024 டிசம்பரில் இம்முறையால் பிரிக்கப்பட்ட குஞ்சுகள் முதன்முறையாகப் பொரிந்தன.

கருவுக்கு வலி எப்போது தொடங்குகிறது என்பது இதில் முக்கியமான கேள்வி. ஆறாம் நாளுக்குப் பின் கருவையும் அழிக்கலாகாது என்று ஜெர்மானியச் சட்டம் முதலில் கருதியது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வில் பன்னிரண்டாம் நாள் வரை வலி உணர்வுக்கான அறிகுறி காணப்படவில்லை. எனவே 2023-ல் சட்டம் திருத்தப்பட்டு, பதின்மூன்றாம் நாள் முதல் தடை என்று எல்லை வகுக்கப்பட்டது.

நம் நாட்டில் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடைச் சட்டம், தேவையற்ற கொடுமையோடு விலங்கைக் கொல்வதைக் குற்றமாக்குகிறது. திருச்சபையும் இதில் மௌனம் காக்கவில்லை. மனிதன் தன் உணவுக்கும் உடைக்கும் விலங்குகளைப் பயன்படுத்தலாம். ஆனால் காரணமின்றி அவற்றைத் துன்புறுத்துவதும் அவற்றின் உயிரை வீணாக்குவதும் மனித மாண்புக்கே முரணானவை என்பது கத்தோலிக்க மறைக்கல்வியின் 2418-ஆம் பத்தி தரும் போதனை. தாயையும் குஞ்சுகளையும் ஒருசேரப் பிடிக்கலாகாது என்று இணைச்சட்ட நூல் பறவைக் கூட்டுக்கும் ஒரு விதி வகுத்ததை நாம் அறிவோம்.

ஒரு சொல்லைக் குறித்து எச்சரிக்கை

பிறக்குமுன் பால் அறிதல் என்றவுடன் தமிழகத்துத் தாய்மார் பலரின் நெஞ்சு திடுக்கிடும். உசிலம்பட்டியிலும் சேலத்திலும் பெண் சிசுக்கள் மடிந்த கதையை நாம் மறக்கவில்லை. அதைத் தடுக்க 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. கருவிலேயே பெண்ணென்று கண்டு அழிக்கும் கொடுமை ஸ்கேன் கருவியால் பரவியபோது, 1994-ல் அதற்கெதிராக நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது.

ஆகவே இங்கே தெளிவு வேண்டும். கோழியின் கருவும் மனிதக் கருவும் ஒன்றல்ல. கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்ட மனித உயிரில், கருவுற்ற கணம் முதல் ஆண் பெண் என்ற வேறுபாடு காட்டுவதற்கு எவருக்கும் உரிமையில்லை. முட்டைக்குள் பார்ப்பது, எப்படியும் நிகழ்ந்துவரும் ஒரு கொலையின் துன்பத்தைக் குறைப்பதற்காக. கருப்பைக்குள் பார்த்துப் பெண்ணை அழிப்பது பெரும் பாவம்; சட்டப்படியும் குற்றம்.

ஆனால் இரண்டுக்கும் அடியில் ஒரே மனப்போக்கு ஒளிந்திருப்பதைக் காணத் தவறலாகாது. பொரிப்பகத்தில் சேவல் வேண்டாதது. சில வீடுகளில் மகள் வேண்டாதவள். இரண்டு இடங்களிலும், இதனால் எனக்கு என்ன வரவு, என்ன செலவு என்ற கேள்வி உயிரை அளக்கும் கோலாகிவிடுகிறது. இன்னொரு செய்தியையும் இங்கே சொல்லவேண்டும். கோழியினத்தில் குஞ்சின் பாலை முடிவு செய்வது தாயின் அணு. மனித இனத்திலோ அதை முடிவு செய்வது தந்தையின் அணு. பெண் பிறந்தாள் என்று மருமகளைப் பழிக்கும் மாமியார்கள் இதை அறியவேண்டும்.

முப்பது பைசா

இம்முறைகள் நம் நாட்டுக்கு ஏற்குமா? இரண்டு தடைகள் எதிரில் நிற்கின்றன.

நாமக்கல் பண்ணைகளில் பெரும்பாலும் இருப்பவை பி.வி.-300 போன்ற வெள்ளைக் கோழிகள். இரு பாலும் ஒரே நிறமாக இருப்பதால் மலிவான ஒளி முறை இங்கே உதவாது. நீர் முறையோ காந்தப் படமுறையோதான் பொருந்தும்; அவற்றின் கருவிகள் விலை மிக்கவை.

அடுத்தது செலவு. ஒரு பெட்டைக் குஞ்சுக்குக் கூடுதலாக ஒரு யூரோ, அதாவது சுமார் நூறு ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். குஞ்சு விலையோடு ஒப்பிட்டால் அது பெருந்தொகை. எந்தப் பொரிப்பகமும் தானாக முன்வந்து ஏற்காது. ஆனால் அக்கோழி இடும் 350 முட்டைகளின்மேல் பகிர்ந்தால், முட்டை ஒன்றுக்குச் சுமார் முப்பது பைசா. நாளைக்கு ஐந்து முட்டை வாங்கும் குடும்பத்திற்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 550 ரூபாய். மாதச் சம்பளக்காரருக்கு இது பெரிதன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வலையைக் கரையில் மடித்துவைத்துக் காத்திருக்கும் குடும்பத்திற்கு அதுவும் சுமைதான். ஆகவே சத்துணவுக்குரிய முட்டையிலும் ஏழையின் முட்டையிலும் இச்சுமை இறங்காதவாறு அரசும் வசதியுள்ளோரும் பொறுப்பேற்பதே நீதி.

நம் துறைமுகத்துக்கும் இதில் பங்கு உண்டு. நாமக்கல் முட்டைகள் குளிரூட்டிய கொள்கலன்களில் தூத்துக்குடி வந்து, இங்கிருந்து கப்பலேறி வளைகுடா நாடுகளுக்குச் செல்கின்றன. கடல் கடந்த சந்தை கேட்கும் தரத்தைப் பண்ணைகள் விரைவில் கற்றுக்கொள்வது வழக்கம். சேவல் குஞ்சைக் கொல்லாத முட்டை வேண்டும் என்று வெளிநாட்டார் கேட்கும் நாள் வரலாம். அதை அயலார் கேட்பதற்கு முன் நாமே கேட்பது நமக்குப் பெருமையன்றோ?

இதனால் கோழியின் துயரம் முற்றும் தீர்ந்துவிடும் என்று எவரும் எண்ணவேண்டாம். பிழைத்த பெட்டையும் சிறகு விரிக்க இடமில்லாத கம்பிக் கூண்டிலேயே வாழ்நாளைக் கழிக்கிறது. ஒரு கொடுமையைக் குறைத்தோம் என்ற நிறைவில் மற்றொன்றை மறந்துவிடலாகாது.

இல்லங்களில் செய்யக்கூடியவை

ஒன்று: சாயம் பூசிய குஞ்சுகளை வாங்காதிருப்போம். இரக்கத்தால் ஒன்றை வாங்கினால், விற்பவர் அடுத்த முறை பத்துக் குஞ்சுகளைக் கூடுதலாகக் கொண்டுவருவார். திருவிழாக் கடைகளுக்கு இடம் ஒதுக்கும் ஊர்க் கமிட்டியார் இவ்வியாபாரத்திற்கு இடமளிக்காமல் இருக்கலாம்; அவர் விற்பதற்கு வேறு பொருள் காட்டி உதவுவதும் நம் கடமை.

இரண்டு: ஏற்கெனவே வாங்கிவிட்ட குஞ்சு வீட்டில் இருந்தால், அதைப் பெட்டியில் உலர்ந்த உமியோ பழைய துணியோ பரப்பி வைத்து, மேலே மஞ்சள் குண்டு பல்பு ஒன்றை எரியவிடுங்கள். நொறுக்கிய கம்பு அல்லது அரிசிக் குருணையும் ஆழமில்லாத தட்டில் தண்ணீரும் வையுங்கள். பிள்ளைகள் அதைத் தொட்டபின் சோப்பிட்டுக் கைகழுவட்டும்.

மூன்று: கொல்லை உள்ளவர்கள் நாலைந்து கோழிகள் வளர்க்கலாம். நாட்டுக்கோழியும், முட்டைக்கும் கறிக்கும் உதவும்படி உருவாக்கப்பட்ட வனராஜா, நந்தனம் போன்ற இனங்களும் இதற்கு ஏற்றவை. இவற்றில் சேவலும் வளர்ந்து பயன் தரும். சுயஉதவிக் குழுச் சகோதரியர் இதனைச் சிறுதொழிலாகவும் ஏற்கலாம்.

நான்கு: வாங்கிய முட்டையை வீணாக்காதிருப்போம். விருந்துகளில் பாதி உண்டு எறியும் முட்டைக்குப் பின்னாலும் ஒரு சேவல் குஞ்சின் கதை இருக்கிறது.

ஐந்து: பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்வோம். குஞ்சு ஏன் செத்தது என்று கேட்கும் குழந்தைக்குப் பொய்யான ஆறுதல் கூறி அனுப்பாமல், அதன் வயதுக்கு ஏற்ப விளக்கினால், அக்குழந்தை இரக்கத்தோடு சிந்தனையையும் கற்றுக்கொள்ளும்.

அன்புக்குரிய பெற்றோரே, முட்டையை உண்பது பாவமென்று எவரும் சொல்லவில்லை. நம் தட்டில் வந்து சேரும் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு; அதில் ஒரு பகுதியைக் கடைக்காரரிடம் காசாகக் கொடுக்கிறோம், மற்றொரு பகுதியை வாயில்லாச் சீவன்கள் கொடுக்கின்றன. இரண்டாவது பகுதியைக் குறைக்கும் வழி இப்போது மனித அறிவுக்கு எட்டியிருக்கிறது. அறிவு எட்டிய இடத்திற்கு நம் மனமும் எட்டவேண்டும். முப்பது பைசா அதற்குத் தடையாக நிற்கலாகாது.